கல்கத்தா மேடையில் ஆங்கிலப் பிரகசனங்கள்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்தபோது நகையையே முதலாவதாக வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் நகை பிறக்கும் நிலைக்களன்கள் என்றும் அவர் கூறினார். பிறரை இகழ்வதாலும், இளமைச் சேட்டையாலும், அறியாமையாலும், கொண்டது விடாத மடமையாலும் சிரிப்புத் தோன்றுகிறது என்பது இதன் கருத்து. சிரிப்பவர் யார், சிரிக்கப்படுபவர் யார் என்னும் வினாவோ இலக்கணத்துள் அடங்காது, அது வரலாற்றின்பாற்பட்டது.

பிழைப்பின் பொருட்டு வங்க மண்ணில் வந்து குடியேறியவர்கள் நாம். பொங்கல் விழாவிலும் ஆண்டு விழாவிலும் நம் சங்க மேடையில் ஓரங்க நகைச்சுவை நாடகம் ஒன்றேனும் இல்லாமற் போவதில்லை. அலுவலகத்தில் நாள் முழுவதும் கோப்புகளுடன் போராடும் நண்பர் மாலையில் மீசை ஒட்டிக்கொண்டு மேடையேறுவதும், வசனம் மறந்து விழிப்பதும், அதற்காகவே கைதட்டல் பெறுவதும் நாம் அறிந்த காட்சிகளே. ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இதே நகரில், ஊரைவிட்டு வந்த வேறொரு கூட்டத்தார் இதே செயலைச் செய்தனர். அவர்கள் ஆங்கிலக் கும்பினியின் எழுத்தர்களும் படை அதிகாரிகளும் வணிகர்களும் ஆவர். அவர்கள் ஆடிய நாடகங்களின் கதை நமக்கும் சிலவற்றை உணர்த்தவல்லது.

பிரகசனம் என்பது யாது?

ஆங்கிலத்தில் 'ஃபார்ஸ்' என வழங்கப்படுவதனை நாம் பிரகசனம் என்னும் பெயரால் முன்னரே அறிவோம். ஏழாம் நூற்றாண்டிலேயே காஞ்சியிலிருந்து ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் வடமொழி நகை நாடகத்தை இயற்றினான். கள்வெறி கொண்ட காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டுத் தேடுவதும், புத்த பிக்கு ஒருவரைத் திருடன் எனப் பழிப்பதும், ஈற்றில் நாய் தூக்கிச் சென்ற கபாலம் ஒரு பித்தனிடமிருந்து மீள்வதும் அதன் கதை. ஆள்மாறாட்டம், தவறாகப் புரிந்துகொள்ளல், அற்பப் பொருளுக்குப் பெரும் பூசல் ஆகிய பிரகசனத்தின் உறுப்புகள் யாவும் அதில் உள்ளன.

பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில் ஒரு மாலைப் பொழுதின் நாடக நிகழ்ச்சி இரு பகுதிகளாக அமைந்திருந்தது. முதலில் ஐந்து அங்கம் கொண்ட பெருநாடகம். அதன்பின் ஓரிரு அங்கங்களில் முடியும் பிரகசனம். பெருநாடகத்தின் மூன்றாம் அங்கம் முடிந்தபின் வருவோர்க்குப் பாதிக் கட்டணமே வாங்கப்பட்டது. ஆதலின் வேலை முடிந்து காலந்தாழ்த்தி வந்தோர் பலர் பிரகசனத்தைக் கண்டே மனநிறைவு பெற்றனர். பெருந்துன்பியல் நாடகத்தால் கனத்த நெஞ்சத்தை இலேசாக்கி வீட்டுக்கு அனுப்புவதும் இதன் பயன். இவ்வழக்கம் கப்பலேறிக் கல்கத்தாவுக்கும் வந்து சேர்ந்தது.

எழுத்தர்கள் கட்டிய அரங்கு

1756-இல் நவாப் சிராஜுத் தௌலா கல்கத்தாவைக் கைப்பற்றியதற்கு முன்னரே லால்பஜாரை ஒட்டி ஆங்கிலேயரின் நாடகக் கொட்டகை ஒன்று இருந்தது. போருக்குப் பின் அது மீண்டும் நாடகசாலை ஆகவில்லை. அதன்பின் 1775-இல் 'கல்கத்தா தியேட்டர்' என்னும் புதிய அரங்கு எழுந்தது. ரைட்டர்ஸ் கட்டடத்தின் பின்புறம், இன்று பங்குச் சந்தையால் பெயர்பெற்ற லயன்ஸ் ரேஞ்ச் வீதியில் அது நின்றது. ஏறத்தாழ ஓர் இலட்சம் ரூபாய் செலவாயிற்று. பொருளுதவி செய்தோருள் வாரன் ஹேஸ்டிங்ஸும் தலைமை நீதிபதி இம்பேயும் இருந்தனர். இலண்டனின் புகழ்மிக்க நடிகர் டேவிட் காரிக், காட்சி அமைப்பில் தேர்ந்த மெஸ்ஸிங்க் என்பவரை அனுப்பித் துணைபுரிந்தார்.

ரைட்டர்ஸ் கட்டடம் என்னும் பெயரை நாம் நாள்தோறும் உச்சரிக்கிறோம். கும்பினியின் 'ரைட்டர்' என்பார் இளம் எழுத்தர்கள். நம் வழக்கில் சொன்னால் குமாஸ்தாக்கள். பதினாறு, பதினேழு வயதில் தாய்நாட்டை விட்டுக் கப்பலேறியவர்கள். ஆறு மாதம் கடலில் கழிய வேண்டும். வீட்டுக்குக் கடிதம் எழுதினால் மறுமொழி வர ஓராண்டுக்கு மேலாகும். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பலரை ஓரிரு மழைக்காலத்திற்குள் கொண்டு சென்றன. பார்க் வீதி இறுதியிலுள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் மிக இளைய வயதினரின் கல்லறைகள் வரிசையாக நிற்பதை நம்மிற் பலர் கண்டிருக்கலாம். இத்தகைய இளைஞர்களே கல்கத்தா மேடையில் நடித்தவர்கள். அவர்கள் கூலி பெற்ற நடிகர்கள் அல்லர், பொழுதுபோக்காக நடித்தவர்கள்.

அவர்கள் பிரகசனத்தை விரும்பியதற்குக் காரணங்கள் தெளிவானவை. பாத்திரங்கள் சில, ஒத்திகைக்கு வேண்டிய நாட்கள் குறைவு, ஓர் அறையும் இரண்டு கதவுகளும் ஒளிந்துகொள்ள ஒரு திரைச்சீலையும் இருந்தால் காட்சி அமைந்துவிடும். அச்சிட்ட நாடகப் பிரதிகள் இலண்டனிலிருந்து கப்பலில் வந்தன. தொடக்க காலத்தில் பெண் வேடங்களையும் ஆடவரே ஏற்றனர். துன்பியல் நாடகத்தில் தடித்த குரலுடைய நாயகி தோன்றினால் அழுகைக்குப் பதில் சிரிப்பே வரும். பிரகசனத்திலோ அக்குறையே நிறைவாகிவிடுகிறது. நம் சங்க மேடையில் புடைவை கட்டிய நண்பரைக் கண்டு நாம் சிரித்தது இல்லையா?

இவற்றினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. பிரகசனங்களில் வரும் சுருட்டிய குடையுடன் கூடிய மாமா, கடன்காரனுக்கு ஒளியும் மருமகன், எசமானனைப் போல் உடுத்திக்கொள்ளும் வேலையாள் ஆகியோர் அவர்கள் விட்டுவந்த தெருவின் மனிதர்கள். ஆகவே சிரிப்பு என்பது அவர்களுக்கு ஊர் நினைவின் மறுபெயர்.

அந்தச் சிரிப்பில் இந்நாட்டவர்க்குப் பங்கில்லை. தனியறை இருக்கைக்கு ஒரு பொன் மொகர், அதாவது பதினாறு ரூபாய். கீழ்த்தளத்தில் எட்டு ரூபாய். பங்காவை இழுத்தவர்களும் பல்லக்குச் சுமந்தவர்களும் வெளியே நிற்க, உள்ளே மெழுகுவர்த்தி ஒளியில் ஆங்கிலேயர் ஆங்கிலேயரைப் பார்த்து நகைத்தனர். இலண்டனிலும் அவர்களைப் பார்த்து நகைத்தவர் இருந்தனர் என்பது வேடிக்கை. 1772-இல் சாமுவேல் ஃபூட் என்பார் 'தி நபாப்' என்னும் நாடகத்தை அங்கு மேடையேற்றி, இந்தியாவிற் செல்வம் குவித்துத் திரும்பும் கும்பினியாரை நையாண்டி செய்தார். வந்த ஊரிலும் அயலார், சொந்த ஊரிலும் நகைப்புக்குரியர் என்னும் அந்நிலை குடிபெயர்ந்தோர்க்கே உரிய துன்பம்.

தமிழ் பயின்று வந்த ருஷியர்

மூடிய கதவைத் திறந்தவர் ஆங்கிலேயர் அல்லர். ருஷிய நாட்டு வயலின் இசைஞர் கெராசிம் லெபெதேவ் ஆவார். அவர் முதலில் வந்திறங்கியது 1785 ஆகஸ்டில் நம் சென்னையில். இரண்டாண்டுகள் அங்குத் தங்கி இசை நிகழ்ச்சிகள் நடத்தினார். தமிழும் ஓரளவு பயின்றார். 1787-இல் கல்கத்தா வந்து, கோலக்நாத் தாஸ் என்னும் ஆசிரியரிடம் வங்க மொழி முதலியவற்றைக் கற்றார்.

லெபெதேவ் 'தி டிஸ்கைஸ்' என்னும் ஆங்கில நகை நாடகத்தை வங்க மொழியில் பெயர்த்தார். கதை நிகழும் இடங்களைக் கல்கத்தாவாகவும் லக்னோவாகவும் மாற்றினார். பாத்திரங்களுக்கும் இந்நாட்டுப் பெயர்களையே சூட்டினார். ஏன் நகை நாடகத்தைத் தேர்ந்தார் என்பதற்கு அவரே விடை தந்துள்ளார்: இந்நாட்டு மக்கள் வறண்ட அறிவுரையைக் காட்டிலும் பிறரைப்போல் நடித்துக்காட்டுதலையும் வேடிக்கையையும் விரும்புகின்றனர் என்று தாம் கண்டதாக, 1801-இல் இலண்டனில் வெளியிட்ட இலக்கண நூலின் முன்னுரையில் எழுதினார். இதனை ஐரோப்பியர் ஒருவரின் பொதுப்படையான கூற்று எனத் தள்ளிவிடலாம். ஆனால் பார்வையாளர் எதனை விரும்புவர் என்று கேட்டு நாடகம் தேர்ந்த முதல் அயலார் அவர் என்பதை மறுக்க இயலாது.

கோலக்நாத் தாஸ் நடிகர்களைத் திரட்டித் தந்தார். ஆடவர் பதின்மர், மகளிர் மூவர். ஆளுநர் சர் ஜான் ஷோரிடம் இசைவு பெற்று, டோம்தொல்லாவில், இன்றைய எஸ்ரா வீதியில், வங்காள முறையில் அணிசெய்த தம் அரங்கில் 1795 நவம்பர் 27 அன்று நாடகத்தை நடத்தினார். 1796 மார்ச் 21 அன்று மறுமுறையும் நடந்தது. வங்க மொழியில் மேலை முறை மேடை நாடகம் தோன்றிய நாள் அதுவே. ஓர் ஆங்கில நகை நாடகத்தின் வயிற்றில் வங்க நாடகம் பிறந்தது என்றும், அதற்குத் தந்தை சென்னை வழியாக வந்த ருஷியர் என்றும் கூறினால் மிகையாகாது. லெபெதேவோ பொருளிழந்து நலிந்து 1797-இல் இந்நகரை விட்டகன்றார். அவர் தொடங்கிய முயற்சியும் நெடுநாள் தொடர்வாரின்றி நின்றது.

சௌரங்கியும் சான் சூசியும்

பழைய கல்கத்தா தியேட்டர் 1808-இல் மூடப்பட்டு, கோபிமோகன் தாகூரின் கைக்கு மாறிக் கடைவீதி ஆயிற்று. 1813 நவம்பர் 25 அன்று சௌரங்கி தியேட்டர் திறக்கப்பட்டது. அதனால் பெயர்பெற்ற தியேட்டர் ரோடுதான் 1964 முதல் ஷேக்ஸ்பியர் சரணி என வழங்குகிறது. வடமொழி நாடகங்களை ஆங்கிலத்தில் பெயர்த்த பேரறிஞர் ஹொரேஸ் ஹேமன் வில்சன் இவ்வரங்கின் தூண்களுள் ஒருவர். தாமே வேடமேற்று நடித்தவர். 1835-இல் அரங்கு கடனில் மூழ்கியபோது கவி இரவீந்திரரின் பாட்டனார் துவாரகநாத் தாகூர் 30,100 ரூபாய்க்கு அதனை வாங்கினார். அறுபதாண்டுகளுக்கு முன் உள்ளே நுழைய இயலாத இனத்தார் உரிமையாளராகவே ஆனமை காண்க. 1839 மே 31 அன்று அவ்வரங்கு தீக்கிரையாயிற்று.

அதன் தலைசிறந்த நடிகை எஸ்தர் லீச் அம்மையார். படைவீரர் ஒருவரின் மகளாக இந்தியாவிலேயே பிறந்தவர். சௌரங்கி எரிந்தபின் அவர் தளராது, நன்கொடை திரட்டிச் சான் சூசி என்னும் அரங்கை நிறுவினார். பார்க் வீதியில் அதற்கென எழுந்த கட்டடம் 1841 மார்ச் 8 அன்று திறக்கப்பட்டது. இன்று செயின்ட் சேவியர் கல்லூரி நிற்கும் இடம் அது. நம் பிள்ளைகள் பலர் பயின்ற, பயிலும் கல்லூரி.

1843 நவம்பர் 2 அன்று இரவு முதலில் ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நடந்தது. வழக்கம்போல் அதனையடுத்து 'தி ஹேண்ட்ஸம் ஹஸ்பண்ட்' என்னும் பிரகசனம். தம் முறை வருவதற்காக மேடையின் பக்கத்தில் நின்றிருந்த எஸ்தர் லீச்சின் ஆடை எண்ணெய் விளக்கில் பட்டுத் தீப்பற்றியது. எரியும் உடையுடன் அவர் மேடைமேல் ஓடிவந்தார். சிரிக்கக் காத்திருந்த அவை அலறியது. சில நாட்கள் துன்புற்று, முப்பத்துநான்காம் வயதில் அவர் உயிர்நீத்தார். அவருக்குப்பின் சான் சூசியும் நெடுநாள் நிலைக்கவில்லை.

எனினும் அம்மேடை மறையுமுன் ஓர் அரிய செயலைச் செய்தது. 1848 ஆகஸ்டு 17 அன்று வைஷ்ணவ சரண் ஆட்டியர் என்னும் வங்க இளைஞர் அங்கு ஒதெல்லோவாக நடித்தார். டெஸ்டிமோனாவாக நடித்தவர் எஸ்தர் லீச்சின் மகள் ஆண்டர்சன் அம்மையார். வெள்ளையர் மேடையில் வெள்ளைப் பெண்மணியின் கணவனாக இந்தியர் ஒருவர் தோன்றியது அன்றைய கல்கத்தாவில் எத்துணைப் பரபரப்பை விளைத்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

எள்ளல் கைமாறியது

வங்கப் பெருமக்கள் இதற்கு முன்னரே மேடை அமைக்கத் தொடங்கியிருந்தனர். பிரசன்ன குமார் தாகூரின் 'ஹிந்து தியேட்டர்' 1831 டிசம்பரில் தொடங்கியது. அங்கு முதலில் நடந்தவை 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தின் ஒரு பகுதியும், வில்சன் ஆங்கிலத்தில் பெயர்த்த பவபூதியின் 'உத்தரராம சரித'ப் பகுதியும் ஆகும். 1832 மார்ச்சில் 'நத்திங் சூப்பர்ஃப்ளுவஸ்' என்னும் ஆங்கிலப் பிரகசனத்தையும் வங்க இளைஞர்கள் ஆங்கிலத்திலேயே நடித்தனர். ஆட்சியாளரின் சிரிப்பை அவர்தம் மொழியிலேயே பயின்றுகொண்ட காலம் அது.

பயின்றது விரைவில் பயன்பட்டது. சென்னையில் 1848 முதல் எட்டாண்டுகள் வாழ்ந்து ஆசிரியப் பணியும் இதழ்ப்பணியும் ஆற்றிய மைக்கேல் மதுசூதன் தத்தர், கல்கத்தா திரும்பியபின் 1860-இல் வங்க மொழியில் இரு பிரகசனங்களை வெளியிட்டார். 'இதுவா நாகரிகம்?' எனப் பொருள்படும் 'ஏகேய் கி போலே சொப்யதா', ஆங்கிலம் கற்றுக் குடிப்பதையே முன்னேற்றம் எனக் கருதிய இளைஞர்களை எள்ளியது. 'புரோ ஷாலிகேர் காரே ரோன்' என்பதோ ஊரறியச் சமயம் பேசி, மறைவில் ஒழுக்கம் கெட்ட முதிய நிலக்கிழாரை எள்ளியது. இவற்றைக் கேட்டுப் பெற்ற பைக்பாரா அரசகுடும்பத்தார் தம் பெல்காச்சியா அரங்கில் ஆட அஞ்சி ஒதுக்கினர். புதியவரும் பழையவரும் ஒருங்கே சினந்தனர் எனின், எள்ளல் இலக்கில் தைத்தது என்பதே பொருள்.

இதுகாறும் பேதைமையும் மடனும் விளைத்த நகை, இனி முழுதும் எள்ளலாக மாறியது. 1876 தொடக்கத்தில் வேல்ஸ் இளவரசர் கல்கத்தாவில் இருந்தார். அரசு வழக்கறிஞரான ஜகதானந்த முகர்ஜி இளவரசரைத் தம் இல்லத்திற்கு அழைத்து, வீட்டுப் பெண்டிரைக் கொண்டு அந்தப்புரத்தில் வரவேற்பளித்தார். நகரம் கொதித்தது. பிப்ரவரியில் கிரேட் நேஷனல் தியேட்டர் 'கஜதானந்தனும் இளவரசரும்' என்னும் பிரகசனத்தை மேடையேற்றியது. காவலர் தடுத்தனர். நாடகக் குழுவினர் பெயரை மாற்றி மீண்டும் ஆடினர். பிப்ரவரி 29 அன்று ஆளுநர் நாயகம் நார்த்புரூக் பிரபு அவசரச் சட்டம் பிறப்பித்தார். அதற்கு விடையாகக் குழுவினர் 'பன்றியும் ஆடும் ஆகிய காவலர்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் மற்றொரு பிரகசனத்தை ஆடினர். காவல்துறை ஆணையரின் பெயர் ஹாக். மேற்பார்வையாளர் ஒருவரின் பெயர் லாம்ப். அப்பெயர்களின் பொருளை உணர ஆங்கிலேயர்க்கு அகராதி வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 4 அன்று காவலர் அரங்கினுட் புகுந்து கைது செய்தனர். உபேந்திரநாத் தாஸுக்கும் அமிர்தலால் போஸுக்கும் ஒரு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவசரச் சட்டம் நிலையான நாடகச் சட்டம் ஆயிற்று. நூறாண்டுகளாக நகை நாடகம் ஆடிக் களித்த ஓர் அரசு, தன்னைக் குறித்த நகையைப் பொறுக்கமாட்டாது சட்டம் இயற்றியமை வரலாற்றின் விந்தை. அமிர்தலால் போஸ் பிற்காலத்தில் பல பிரகசனங்கள் எழுதி 'ரசராஜ்' எனப் போற்றப்பட்டார்.

அச்சட்டம் வங்கத்தோடு நிற்கவில்லை. விடுதலைக்குப் பின்னும் அது நீடித்தது. 1954-இல் எம். ஆர். ராதா அவர்களின் இராமாயண நாடகத்தால் எழுந்த பூசலையொட்டிச் சென்னை அரசு அதன் சாயலில் தனக்கெனத் தனி நாடகச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அது செல்லாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. 1876-ஆம் ஆண்டின் மூலச் சட்டத்தையோ நாடாளுமன்றம் 2018-இல்தான் நீக்கியது. ஒரு பிரகசனத்தின் எதிரொலி நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒலித்தது.

நாம் கொள்ளத்தக்கவை

ஆங்கில எழுத்தர்களின் அரங்குகளில் ஒன்றுகூட இன்று இல்லை. அவர்கள் ஆடிய பிரகசனங்களின் பெயர்களும் பெரும்பாலும் மறந்துபோயின. தமக்குத் தாமே சிரித்துக்கொண்ட சிரிப்பு அவர்களுடனேயே கப்பலேறிச் சென்றுவிட்டது. ஊர் மொழியைக் கற்று, ஊராரை அழைத்து, ஊரார் பெண்களையும் ஆடவரையும் மேடையேற்றிய லெபெதேவின் இரண்டே இரவுகள்தாம் இம்மண்ணில் வேர் பிடித்தன. வங்க நாடக வரலாறு எழுதுவோர் எவரும் அவரை விடுத்து எழுதுவதில்லை.

நம் சங்கத்தின் ஆண்டு விழாவிலும் அரங்கு நிறைகிறது. ஆனால் நிறைப்பவர் நாமே. நம் எதிர்வீட்டு வங்க அன்பர்கள் துர்க்கா பூசைக்கு நம்மை அழைத்துப் பந்தலில் அமர்த்துகின்றனர். நம் நாடகத்திற்கு அவர்களை நாம் அழைத்தோமா? அழைத்தாலும் அவர்களுக்கு விளங்குமாறு நாடகம் அமைத்தோமா? நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் வங்கமும் பேசி வளர்கின்றனர். தமிழ் நகைச்சுவை ஒன்றை வங்கத்தில் பெயர்க்க அவர்களினும் தக்கார் யார்? வங்கப் பிரகசனம் ஒன்றைத் தமிழில் ஆடிக்காட்டவும் அவர்களால் இயலும். மதுசூதனரின் முதற்பிரகசனத்தில் வரும் போலி நாகரிகர்கள் நம் குடியிருப்புகளிலும் இல்லாமல் இல்லை.

அடுத்த ஆண்டு விழாவில் இரு மொழியிலும் கலந்து ஓர் ஓரங்க நாடகம் ஆடுதற்குச் சங்கச் செயற்குழு ஆவன செய்ய வேண்டும். முன்வரிசை இருக்கைகளில் பாதியை நம் வங்க அண்டையயலார்க்கு ஒதுக்க வேண்டும். அவர்களும் நம்முடன் சேர்ந்து சிரிக்கும் மாலைப்பொழுதில், இந்நகரில் நாம் வெறும் குடியேறியவர்கள் அல்லர் என்பது நமக்கும் விளங்கும், அவர்களுக்கும் விளங்கும்.